அட்டைப்பெட்டிக்குள் கோடிகள்... அப்பா எழுதி வைக்காமல் போனால் யாருக்குத் தெரியும்?

2012, பிப்ரவரி 29. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்ற சிறிய ஊர். குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு இறந்துபோக, அவருடைய வீட்டை உறவினர்கள் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பரணில் பல தலைமுறைகளின் தட்டுமுட்டுச் சாமான்கள். அவற்றுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால், கயிற்றால் கட்டு கட்டாகக் கட்டிய சின்னச் சின்ன கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ்பால் வீரரின் படம்.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவை சுமார் 700 கார்டுகள். எல்லாம் 1910-ம் ஆண்டுவாக்கில் அச்சானவை. டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர் என்று அந்தக் காலத்தின் நட்சத்திரங்கள் அத்தனை பேரும் நூறு வருடமாகக் கை படாமல் புத்தம் புதிதாக இருந்தார்கள். அதில் வெறும் 37 கார்டுகளை அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஏலத்தில் விட்டார்கள். கிடைத்தது 5 லட்சத்து 66 ஆயிரம் டாலர்!

இறைச்சிக் கடை நடத்திய தாத்தா, கடைக்கு இலவசமாக வந்த கார்டுகளில் மிஞ்சியதைப் பரணில் போட்டிருக்கலாம் என்பது குடும்பத்தாரின் ஊகம். ஊகம்தான். ஏனென்றால், தாத்தா ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பேரன் பேத்திகள் 20 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். கதை சுபம். ஆனால், அந்தப் பெட்டி அன்றைக்குக் குப்பை வண்டியில் ஏறியிருந்தால்? இழந்தது என்ன என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

கன்னியாஸ்திரிகளுக்கு வந்த சீட்டு

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2010-ல் நடந்தது இன்னொரு கதை. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் ஒரு கன்னியாஸ்திரிகள் சபை. அந்தச் சபையைச் சேர்ந்த, ஏற்கெனவே மறைந்துவிட்ட சகோதரி ஒருவரின் உடன்பிறந்தவர் இறக்கும்போது, தன் சொத்து முழுவதையும் சபைக்கே எழுதி வைத்துவிட்டார். வங்கிப் பெட்டகத்தைத் திறந்தால், உள்ளே ஹோனஸ் வாக்னரின் கார்டு. பேஸ்பால் கார்டு உலகில் மிகப் புகழ்பெற்ற கார்டு அது. நிலைமைதான் மோசம். மூன்று பக்க ஓரங்கள் வெட்டப்பட்டு, மடிப்பு விழுந்து, லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

ஆனால் கூடவே ஒரு சீட்டு இருந்தது. கார்டு சேதமடைந்தது என்றாலும் வரும் காலத்தில் இதன் மதிப்பு பல மடங்கு உயரும் என்று அதில் டைப் அடித்து வைத்திருந்தார் அந்த மனிதர். பேஸ்பால் பற்றி எதுவும் தெரியாதவர்களின் கையில் கிடைத்தாலும், இதைத் தூக்கிப் போடக் கூடாது என்று அந்தச் சீட்டு சொன்னது. விற்றதில் சபைக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. அந்தப் பணம் ஏழைகளுக்கான பணிகளுக்குப் போனது.

முதல் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. இரண்டாவது இடத்தில் கைகொடுத்தது, எழுதி வைத்த ஒரு சீட்டு. அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. சீட்டை நாமே எழுதலாம். அமெரிக்காவில் வயதாகிவரும் கார்டு சேகரிப்பாளர்களுக்கு காப்பீட்டு ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் இன்று திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பட்டியல் போடுங்கள்.

காகிதத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

நம் ஊரில் 90-களில் வளர்ந்தவர்களுக்கு மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் அந்தப் பழக்கத்துக்கு நூறு வருடங்களுக்கும் மேல் வயது. சிகரெட் பாக்கெட் கசங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில் விளையாட்டு வீரர்களின் படத்தை அச்சடித்தார்கள். பிறகு மிட்டாயோடும், பபிள்கம்மோடும் வந்தது. சிறுவர்கள் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிச் சடசடவென்று ஓட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். அதனால்தான் அந்த விலை.

தயாரித்த நிறுவனமே தூக்கிப் போட்ட கதையும் உண்டு. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கார்டுகளில் விற்காமல் தேங்கியவற்றை, 1960-ல் படகில் ஏற்றிப் போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். கொட்டியவற்றில் மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டும் இருந்தது. அதே மேன்டில் கார்டின் ஒரு பிரதியை 1991-ல் ஒருவர் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். 2022 ஆகஸ்ட்டில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்! 2025 ஆகஸ்ட்டில் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட கூடைப்பந்து கார்டு ஒன்று அதையும் தாண்டி, 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தொட்டது.

இவ்வளவு மதிப்புள்ள பொருளுக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி பதிவு ஆவணம் கிடையாது. வங்கிக் கணக்கு மாதிரி பாஸ்புக் கிடையாது. எது எங்கே இருக்கிறது, எது அசல், எதற்கு என்ன விலை என்ற கணக்கு முழுவதும் சேகரித்தவரின் தலைக்குள் இருக்கும். அவர் போகும்போது அந்தக் கணக்கும் அவரோடு போய்விடுகிறது.

முதல் பட்டியலைப் போட்டவர்

கார்டுகளுக்கு முறையான பட்டியல் போட்ட முன்னோடி என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுவது ஜெஃபர்சன் பர்டிக் என்பவரை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதன நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சாதாரண ஊழியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடுமையான மூட்டுவலி நோயாளி. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய விளம்பர அட்டைகள், சிகரெட் கார்டுகள், மிட்டாய்க் கார்டுகள் என்று லட்சக்கணக்கில் சேர்த்தார்.

அவருக்கு முன்னால் எந்தக் கார்டு எந்த வரிசையைச் சேர்ந்தது என்று பேசுவதற்கே பொதுவான மொழி இல்லை. பர்டிக் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறியீடு கொடுத்தார். 20-ம் நூற்றாண்டின் சிகரெட் கார்டு என்றால் 'டி', ஆரம்பகால மிட்டாய்க் கார்டு என்றால் 'ஈ'. அதோடு ஓர் எண். கன்னியாஸ்திரிகளிடம் வந்த வாக்னர் கார்டு 'டி206' வரிசை. ஒஹையோ பரணில் கிடைத்தவை 'ஈ98' வரிசை. இரண்டும் பர்டிக் வைத்த பெயர்கள்தான். பரணிலிருந்து எடுத்த பெட்டிக்கு விலை சொல்ல முடிந்தது என்றால், பல வருடங்களுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து எண் போட்டிருந்தார் என்பதும் ஒரு காரணம்.

பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆயிரக்கணக்கில் கார்டு வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் எழுத உட்கார்ந்தால், பாதியிலேயே சலித்துப்போய் விட்டுவிடுவார். அதனால் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்வது நல்லது. உதாரணமாக, 100 டாலருக்கு மேல் மதிப்புள்ளவற்றுக்குத் தனித்தனி வரி. மற்றவற்றுக்கு 'பெட்டி 7, 1980-களின் பேஸ்பால் கார்டுகள், சுமார் 800' என்று ஒரே வரி போதும்.

தனி வரியில் வர வேண்டியவை இவை:

* ஆண்டு, நிறுவனம், வரிசையின் பெயர், கார்டு எண், வீரர் பெயர். '1952, டாப்ஸ், எண் 311, மிக்கி மேன்டில்' என்று எழுதினால் உலகத்தில் எந்த வியாபாரிக்கும் புரியும். 'மேன்டில் பழைய கார்டு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது.
* கையெழுத்து, வரிசை எண், நிற வேறுபாடு போன்ற சிறப்புகள். இன்றைய கார்டுகளில் ஒரே படம் பல நிறங்களில் வரும். ஒன்று ஐந்து டாலர், இன்னொன்று ஐயாயிரம் டாலர்.
* தரச்சான்று தந்த நிறுவனம், கொடுத்த மதிப்பெண், சான்றிதழ் எண்.
* வாங்கிய தேதி, கொடுத்த விலை, ரசீது எங்கே இருக்கிறது.
* இன்றைய மதிப்பு, அதை எந்தத் தேதியில், எதை வைத்துக் கணக்கிட்டது.
* கார்டு இருக்கும் இடம். வீடா, வங்கிப் பெட்டகமா, தரச்சான்றுக்கு அனுப்பியிருக்கிறதா?

முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுக்க வேண்டும். ஸ்மார்ட்போன் போதும். மிக முக்கியமாக, பட்டியலின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கார்டு எரியும் தீயில் பட்டியலும் எரிந்துபோனால் என்ன பிரயோஜனம்? கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று, நம்பிக்கையான உறவினரிடம் ஒன்று இருந்தால் நிம்மதி.

விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இணையத்தில் ஒருவர் 10 ஆயிரம் டாலர் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. அது விலை அல்ல. அதே கார்டு, அதே தரத்தில், சமீபத்தில் எவ்வளவுக்கு விற்றது என்பதுதான் விலை. இ-பே தளத்தில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. பெரிய ஏல நிறுவனங்களும் பழைய ஏல விலைகளை வெளியிடுகின்றன.

'அதே தரத்தில்' என்பதுதான் சூட்சுமம். மூலைகளின் கூர்மை, ஓரங்களின் நேர்த்தி, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. அவற்றில் பிரபலமானது. கோடியில் விற்ற அதே மேன்டில் கார்டு, மூலை மழுங்கிக் கசங்கியிருந்தால் சில பத்தாயிரம் டாலர்தான்.

சான்று இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி, இன்னொருவரோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஒரு வாக்னர் கார்டை வாங்கினார். பி.எஸ்.ஏ. சான்றளித்த முதல் கார்டு அதுதான். பல வருடங்கள் கழித்து, 2013-ல், அதைக் கைமாற்றிய பிரபல ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, கார்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ரசீது, யாரிடம் வாங்கியது என்ற விவரம் எல்லாவற்றையும் பட்டியலோடு சேர்த்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

காப்பீடு: 'வீட்டு பாலிசி இருக்கே' போதுமா?

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பரவிய தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. இப்படி ஒரு நாள் வந்தால், காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி: என்னென்ன போனது? பொருள், எண்ணிக்கை, மதிப்பு, ரசீது என்று பட்டியல் கொடுக்க வேண்டிய பொறுப்பு பாலிசிதாரருடையது. வீட்டையே இழந்து நிற்கும் ஒருவர், 30 வருடம் சேர்த்த கார்டுகளை ஞாபகத்திலிருந்து எழுத முடியுமா?

வழக்கமான வீட்டு பாலிசியில் வேறு சிக்கல்களும் உண்டு. பல பாலிசிகளில் சேகரிப்புப் பொருள்களுக்குக் குறைவான உச்சவரம்பு இருக்கும். வெள்ளச் சேதம் பொதுவாக அதில் சேராது. அதனால், மதிப்பு கூடியதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வீட்டு பாலிசியிலேயே விலை உயர்ந்த கார்டுகளைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுச் சேர்ப்பது ஒன்று. சேகரிப்புகளுக்கென்றே இருக்கும் தனி பாலிசி எடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை பட்டியல்தான்.

எடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள்: தபாலில் அனுப்பும்போது தொலைந்தால் பணம் உண்டா? கண்காட்சிக்கு எடுத்துப் போனால்? புதிதாக வாங்கியதைச் சேர்க்க எத்தனை நாள் அவகாசம்? இழப்பீடு ஒப்புக்கொண்ட தொகையா, அன்றைய சந்தை விலையா? ஐந்து வருடம் முன்பு போட்ட மதிப்பிலேயே பாலிசி ஓடிக்கொண்டிருந்தால், இழப்பீடும் அந்த மதிப்பில்தான் வரும். வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிப்பது அவசியம்.

அவருக்குப் பிறகு...

பேசத் தயங்கும் விஷயம் இது. ஆனால், பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான்.

முதலில் வரிக் கணக்கு. ஒருவர் 1,000 டாலருக்கு வாங்கிய கார்டு இன்று 50 ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கும்போது அவரே விற்றால், 49 ஆயிரம் டாலர் லாபத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் வரி 28 சதவிகிதம் வரை போகலாம். மகளுக்குப் பரிசாகக் கொடுத்து அவர் விற்றாலும், வாங்கிய விலை 1,000 டாலர் என்றே கணக்கு. ஆனால், அப்பா இறந்த பிறகு வாரிசாக மகளுக்கு வந்தால், அப்பா இறந்த நாளின் மதிப்பே அடக்கவிலை. அன்றைக்கு மதிப்பு 50 ஆயிரம். மகள் அதே விலைக்கு விற்றால் லாபம் பூஜ்யம். அந்த நாளின் மதிப்பை நிரூபிக்க வேண்டுமே? அதற்குத்தான் பட்டியலும், தேவைப்பட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும்.

மத்திய அரசின் வாரிசுச் சொத்து வரி 2026-ல் ஒருவருக்கு 1.5 கோடி டாலரைத் தாண்டினால்தான் வரும். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கவலை இல்லை. ஆனால், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஓரிகன் மாநிலத்தில் 10 லட்சம் டாலரிலேயே வரி ஆரம்பிக்கிறது. வீட்டோடு கார்டுகளின் மதிப்பும் சேர்ந்தால், அந்தக் கோட்டைத் தாண்டுவது கஷ்டமே இல்லை.

அடுத்தது உயில். ஒவ்வொரு கார்டையும் உயிலில் எழுதினால், ஒன்று வாங்கி ஒன்று விற்கும்போதெல்லாம் உயிலைத் திருத்த வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், 'இன்ன பொருள் இன்னாருக்கு' என்று தனியாக எழுதிக் கையெழுத்திட்ட பட்டியலை உயிலில் குறிப்பிட்டால் போதும். அந்தப் பட்டியலை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். எந்த மாநிலத்தில் எது செல்லும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது முக்கியம்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு ஒரு கடிதம். விற்பதாக இருந்தால் யாரிடம் கேட்பது, எந்த ஏல நிறுவனம் சரி, எதை அவசரப்பட்டு விற்கக் கூடாது என்று எளிமையாக எழுதி வைப்பது. 'மொத்தமா எடுத்துக்கறேன், ரெண்டாயிரம் டாலர்' என்று துக்க வீட்டு வாசலில் வந்து நிற்கும் முதல் ஆளிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்தக் கடிதம்தான். 'துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையை உடைக்காதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

சண்டை வராமல் பிரிக்கவும் வழி உண்டு. இரண்டு பிள்ளைகள் என்றால், ஆளுக்கொரு கார்டாக மாறி மாறி எடுத்துக்கொள்ளலாம். அல்லது எல்லாவற்றையும் விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரிக்கலாம். ஒருவருக்கு கார்டு பிடிக்கும், இன்னொருவருக்குப் பணம்தான் தேவை என்றால், மதிப்பை வைத்து ஈடுகட்டலாம். மதிப்பே தெரியாவிட்டால் இந்த மூன்றில் முதலாவதும் கடைசியும் சண்டையில்தான் முடியும்.

ஏமாற்றத்தையும் பட்டியல் சொல்லும்

எல்லாப் பெட்டியிலும் கோடி இருக்காது. 1980-களின் பிற்பகுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் கார்டுகளைக் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பலர் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போகாது. சேகரிப்பாளர்கள் அந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் பெயரே 'ஜங்க் வாக்ஸ்', அதாவது குப்பைக் காலம்.

வயதான காலத்தில் இதை ஒப்புக்கொள்வது எளிதல்ல. ஆனால், 'என் கார்டுகள் இருக்கின்றன, உங்கள் அம்மாவுக்குக் கவலை இல்லை' என்று ஒருவர் நம்பிக்கொண்டே போய்விட்டு, பிறகு அந்த அம்மா கடைக்காரரிடம் உண்மையைத் தெரிந்துகொள்வதைவிட, அவர் இருக்கும்போதே கணக்குப் பார்ப்பது நல்லது. மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுக்க, அவர் ஒவ்வொரு கார்டின் கதையாகச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்யலாம். எந்தக் கார்டு தன் அப்பாவோடு முதன்முதலில் மைதானத்துக்குப் போன நாளில் வாங்கியது என்பதை எந்த மதிப்பீட்டாளராலும் சொல்ல முடியாது. அதற்கும் பட்டியலில் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.

அந்தக் கடைசி நாள்

பர்டிக்குக்கு வாரிசு இல்லை. தன் காலத்துக்குப் பிறகு சேகரிப்பு சிதறிவிடக் கூடாது என்று, 1940-களிலேயே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அவற்றில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானவை பேஸ்பால் கார்டுகள். அருங்காட்சியகத்துக்கே வந்து, மேஜையில் உட்கார்ந்து, வலியில் முடங்கிய விரல்களால் ஒவ்வொன்றாக வகை பிரித்து ஆல்பங்களில் ஒட்டினார். வருடக்கணக்காக நடந்தது அந்த வேலை.

1963 ஜனவரி 10-ம் தேதி மாலை கடைசி கார்டு முடிந்தது. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் பர்டிக். இரண்டே மாதத்தில், மார்ச் மாதம், இறந்துபோனார். அவர் ஒட்டிய ஆல்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. எந்தக் கார்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று தேட, இப்போது யாருக்கும் பர்டிக் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது பேஸ்பால் கார்டாக இருக்காது. தாத்தாவின் தபால்தலை ஆல்பமாகவோ, அப்பாவின் பழைய நாணய டப்பாவாகவோ இருக்கலாம். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்பது எங்கேயும் மாறாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை இறக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டைத் திறந்து கேட்டுப் பாருங்களேன்!